சிறுத்தையின் தாடையில் ஏழு முள்

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் அந்தக் காட்டின் தெற்கு வார்டில், பூங்காவனம் என்ற முள்ளம்பன்றி தன் கணவன் ஏகாம்பரத்தோடும் ஒரே மகள் வெண்பாவோடும் வாழ்ந்து வந்தாள். ஏகாம்பரம் கிழங்கு தோண்டுவான். பூங்காவனம் மகளின் எதிர்காலத்தைத் தோண்டுவாள். இரண்டில் எது கடினமான வேலை என்று அந்த வளையில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

காட்டுக்கு வடக்கே மலையுச்சியில் ஒரு கல்லூரி இருந்தது. அங்கே படித்தவர்களுக்கு வனத் தலைமைச் செயலகத்தில் வேலை. படிக்காதவர்களுக்குக் கிழங்கு. பூங்காவனம் தன் காலத்தில் அந்தக் கல்லூரியின் வாசல்வரை போய், ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததால் திரும்பி வந்தவள். அவள் இடம் ஒரு நீர்நாய்க்குப் போனது. அந்த நீர்நாய்க்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது. ஆனால் நீச்சல் சான்றிதழ் வைத்திருந்தது.

"நீர்நாய் நீந்துறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டா?" என்று பூங்காவனம் அன்றைக்குக் கவுன்ட்டரில் கேட்டாள்.

"விளையாட்டு ஒதுக்கீடும்மா. தள்ளுங்க, அடுத்த ஆள் வரட்டும்."

இருபது வருடம் ஆகியும் மனசளவில் அவள் அந்த வரிசையை விட்டு இன்னும் தள்ளவில்லை.

வெண்பா சுமாராகப் படிப்பாள். சுமாருக்கு மலையுச்சியில் இடம் கிடையாது. ஒதுக்கீட்டில் போகலாம் என்றால் ஓட்டம் மான்களுக்கு, நீச்சல் நீர்நாய்களுக்கு, மரமேறுதல் குரங்குகளுக்கு, மல்யுத்தம் கரடிகளுக்கு என்று பட்டா போட்ட மாதிரி பிரித்து வைத்திருந்தார்கள். முள்ளம்பன்றிக்கென்று ஒரு விளையாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருடம் ஒதுக்கீட்டுப் பட்டியலின் கடைசியில் ஒரு புதுப் பெயர் வந்தது. லாக்ராஸ். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஓர் இடம்' என்று போட்டிருந்தது.

எங்கோ கடல் தாண்டிய காட்டின் விளையாட்டு அது. நீளமான கோல், அதன் நுனியில் சின்ன வலைப்பை. பந்தை அதில் ஏந்திக்கொண்டு ஓடி, எறிந்து, எதிரணியின் வலைக்குள் போட வேண்டும். கையால் பந்தைத் தொடக்கூடாது. இந்தக் காட்டில் அதை ஆடியவரும் இல்லை, பார்த்தவரும் இல்லை. அதுதான் அதன் பெரிய தகுதி.

"யாரும் ஆடாத ஆட்டம். இதுல சேத்துட்டா நம்ம பொண்ணுக்குத்தான் சீட்டு" என்றாள் பூங்காவனம்.

அதே பொழுதில் காட்டிலிருந்த நூற்றுச் சொச்சம் அம்மாக்களும் அதையே தங்கள் கணவன்மார்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே மாதத்தில், யாரும் ஆடாத ஆட்டத்தைக் கற்றுத்தர மூன்று கழகங்கள் முளைத்தன.

எதில் சேர்ப்பது என்பதுதான் இப்போது கேள்வி.

அடுத்த வளை முயல் சரசாவுக்கும் அதே கேள்விதான். அவளுக்கு மித்ரன் என்று ஒரே பிள்ளை. முயல் குலத்தில் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவள் அவள் ஒருத்திதான். "ஒண்ணு பெத்தாலும் நல்லா வளக்கணும்க்கா" என்பாள். மித்ரனும் வெண்பாவும் ஒரே வகுப்பு. பள்ளிவிட்டு வரும்போது மித்ரன் முன்னால் குதித்து ஓடுவான். வெண்பா வந்து சேரும்வரை மூலையில் காத்திருந்து, அவள் வந்ததும் மறுபடி ஓடுவான். இப்படியே வீடு வருவார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கழகங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். கட்டணம் மூன்றிலும் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றிப் பேசாமல் தரத்தைப் பற்றி மட்டும் பேசும் பெருந்தன்மை அவர்களுக்கு வாய்த்தது.

முதலில் ஏரிக்கரை. அங்கே மாசிலாமணி என்ற எருமை ஒரு கழகம் நடத்தினார். சேற்றில் படுத்தபடியேதான் நடத்தினார். மைதானத்தில் ஆமைக்குட்டி, கீரிக்குட்டி, வாத்துக்குஞ்சு எல்லாம் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடின. பந்தைத் தவறவிட்டால் விழுந்து விழுந்து சிரித்தன. பிடித்தாலும் சிரித்தன.

"வாங்கம்மா, உக்காருங்க. சேறு ஜில்லுனு இருக்கு" என்றார் எருமை.

"இருக்கட்டுங்க. இதுவரை எத்தனை பேர் விட்டுட்டுப் போயிருக்காங்க?" என்று பூங்காவனம் நோட்டைத் திறந்தாள்.

"ஒருத்தரும் போகலையேம்மா."

பூங்காவனம் சரசாவைப் பார்த்தாள். சரசா பூங்காவனத்தைப் பார்த்தாள்.

"உங்க பிள்ளைங்களுக்கு இது பிடிச்சிருக்கா?" என்று எருமை கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வேறெந்த விண்ணப்பத்திலும் இப்படி ஒரு கட்டம் இருந்ததில்லை. எதையோ மறைக்கத்தான் எருமை பேச்சை மாற்றுகிறார் என்று முடிவு செய்து, டீகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்கள்.

"பசங்க சிரிக்குதுங்கக்கா. சிரிச்சிக்கிட்டே இருந்தா ஆட்டம் எப்ப வரும்?" என்றாள் சரசா.

பூங்காவனம் நோட்டில் 'கண்டிப்பு இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

இரண்டாவது கழகம் கைபேசியிலேயே நடந்தது. ஆசிரியர் ஒரு கொக்கு. இலவச மாதிரி வகுப்புக்கு இருவரும் ஒரே கைபேசிமுன் உட்கார்ந்தார்கள். திரையில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து சரசா கைபேசியைத் தட்டினாள், உதறினாள், மரத்தின்மேல் ஏறிப் பிடிக்கச் சொல்லி ஒரு அணிலிடம் கொடுத்தாள். வகுப்பு முடிந்ததும் கொக்கு இமைத்தது.

"இன்னிக்குப் பாடம் பொறுமை. நாளைக்கும் அதேதான்" என்றது.

'அசையாமல் நின்றது சிக்னலா, கொக்கு சாரா, தெரியவில்லை' என்று எழுதினாள் பூங்காவனம்.

மூன்றாவது, பாறைமேட்டில் இருந்த ஜம்புலிங்கம் அகாடமி. கோச் ஜம்புலிங்கம் ஒரு சிறுத்தை. நிமிர்ந்த நடை, இறுக்கமான டி-ஷர்ட், கழுத்தில் விசில். மைதானத்தில் சத்தமே இல்லை. குட்டிகள் பந்தைப் பார்த்து ஓடுவதைவிடக் கோச்சைப் பார்த்து அதிகம் ஓடின. வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது: 'போன வருடம் ஓட்டப் பயிற்சியில் சேர்ந்தவர் அறுபது. நிலைத்தவர் பதினாறு.'

சரசாவுக்குக் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. "அப்படியாக்கா! அறுபதுல பதினாறா! எவ்வளவு டைட்டா வச்சிருக்காரு பாருங்க."

பூங்காவனத்துக்கும் பெருமிதமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மிச்ச நாப்பத்து நாலு பேர், சார்?"

"தேறலை" என்றார் கோச்.

"தேறலைன்னா?"

கோச் நாக்கை நீட்டி மீசையை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "தேறலைன்னா தேறலைம்மா. எல்லாரும் தாங்குவாங்களா? போட்டி உலகம்."

"கரெக்டுங்க சார்" என்றாள் சரசா. எதற்கென்று அவளுக்கே தெரியாது. அந்த மாதிரிக் குரலில் யார் எதைச் சொன்னாலும் கரெக்ட் என்று சொல்லும்படிதான் காட்டில் எல்லோரையும் வளர்த்திருந்தார்கள்.

முக்கியமான சேதியைக் கோச் கடைசியில் சொன்னார். கல்லூரி கேட்பது இரண்டாம் படிவம். அதில் பதிவு பெற்ற கழகத்தின் கோச் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு பெற்ற கழகம் காட்டிலேயே அவருடையது ஒன்றுதான். எருமை பதிவுக்குப் போனாராம். அங்கிருந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஏரிக்குத் திரும்பிவிட்டாராம். கொக்கு போய் இன்னும் வரிசையில் நிற்கிறதாம்.

"அந்தப் பதிவுக்கும் ஒரு விதி உண்டு. பட்டியல்ல எப்பவும் பன்னெண்டு பேராவது இருக்கணும். அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. ஒருத்தர் குறைஞ்சா ரெண்டு பேர் வெயிட்டிங்ல இருக்காங்க" என்றார் கோச்.

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் விடியுமுன்பே இரண்டு அம்மாக்களும் பாறைமேட்டு வரிசையில் நின்றார்கள். விண்ணப்பம் எட்டுப் பக்கம். பிள்ளையின் பெயர், வளை முகவரி, இரண்டு பக்கத் தோற்றமும் தெரியும் புகைப்படம், எடை. எடைக்கான கட்டம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, சிவப்புக் கோடு போட்டு இருந்தது. அதன் கீழே 'கொழுப்பு விவரம்' என்று ஒரு துணைக்கட்டம். பதினான்காம் நிபந்தனை சின்ன எழுத்தில் இருந்தது: 'பயிற்சிக் காலத்தில் மாணவர் குறைய நேர்ந்தால் கழகம் பொறுப்பல்ல. டி-ஷர்ட்டைத் துவைத்துத் திருப்பித் தரவும்.'

கூட வந்திருந்த ஏகாம்பரம் அதை இரண்டு தடவை படித்தான். "ஏய், எடை எதுக்குடி கேக்கிறான்?"

"ஸ்போர்ட்ஸ்ல எடை பாக்க மாட்டாங்களா? உங்களுக்கு என்ன தெரியும், மண்ணையே பாத்துக்கிட்டு இருக்கிற ஆளு."

"இந்த குறைய நேர்ந்தால்னா?"

"அது எல்லா பார்ம்லயும் இருக்கிறதுதான். ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குறதில்ல? கையெழுத்தப் போடுங்க."

ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டான். பெரும்பாலான வீடுகளில் அப்பாக்களின் பங்கு அதோடு முடிந்தது.

கவுன்ட்டரில் இருந்த பச்சோந்தி எழுத்தர் இருவர் விண்ணப்பத்தையும் வாங்கி, சிவப்பு முத்திரை குத்தும்போது சிவப்பாகவும் நீல முத்திரை குத்தும்போது நீலமாகவும் மாறி, ரசீது கொடுத்தார். "அதிர்ஷ்டக்காரங்க நீங்க. நேத்துதான் ரெண்டு இடம் காலியாச்சு."

பயிற்சி தொடங்கியது. மித்ரன் காற்றாய்ப் பறந்தான். கோலில் பந்தை ஏந்தினால் மைதானத்தின் மறுமுனையில்தான் நிற்பான். வெண்பா அப்படியில்லை. அவள் ஓட ஆரம்பிப்பதற்குள் ஆட்டத்தின் முதல் பாதி முடிந்துவிடும். ஆனால் அவளுக்கு ஒரு வசதி வாய்த்தது. யார் எங்கிருந்து எறிந்தாலும் ரப்பர் பந்து அவள் முதுகில் வந்து குத்தி நின்றுகொள்ளும். பிறகு அவள் யாரும் நெருங்க முடியாதபடி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, பொடிநடையாய்ப் போய் எதிரணி வலைக்குள் படுத்துக்கொள்வாள். கணக்கில் ஒரு புள்ளி ஏறும். கையால் தொடக்கூடாது என்றுதான் விதி சொன்னது. முதுகைப் பற்றி அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றும் யோசித்திருக்கவில்லை.

முதல் மாதம் அணில்குட்டி ஒன்று தேறவில்லை. பெற்றோருக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. ஒரு நாள் காலை அதில், 'அணிலம்மா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தது யாருங்க?' என்று ஒரு ஆட்டுக்குட்டியின் அம்மா கேட்டாள். அதற்குப் பதினோரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

இரண்டாம் மாதம் ஒரு காடைக்குஞ்சும் ஒரு புள்ளிமான்குட்டியும் தேறவில்லை. மூன்றாம் மாதம் அந்த ஆட்டுக்குட்டியின் அம்மாவே குழுவிலிருந்து வெளியேறினாள். பூங்காவனமும் சரசாவும் ஒவ்வொரு முறையும் "ஐயோ பாவம்" என்றார்கள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஸ்டாமினா பத்தலை" என்றார்கள். இரண்டும் உண்மையாகவே சொன்னதுதான்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் கோச் விசிலை ஊதி, "வெண்பா மட்டும் இரு. தனிப் பயிற்சி" என்றார்.

வேலிக்கு வெளியே காத்திருந்த பூங்காவனத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனிப் பயிற்சி! சரசாவின் முகம் சுருங்கியதைக் கவனித்தாள். கவனித்ததில் அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை.

"எங்க மித்ரன் எவ்வளவு வேகமா ஓடுறான், அவனக் கூப்பிட மாட்டேங்குறாரே அக்கா" என்றாள் சரசா.

"அவனுக்கும் நேரம் வரும் சரசா. கொஞ்சம் சதை போடட்டும்" என்று ஆறுதல் சொன்னாள் பூங்காவனம்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. கோச்சின் குரல். கொஞ்ச நேரத்தில் வெண்பா தானாகவே பொடிநடையாய் வந்தாள்.

"அம்மா, கோச் சார் என்னக் கடிச்சாரு."

பூங்காவனம் மகளைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே ஏழு முள் இல்லை. அந்த ஒரு நொடியில் அவளுடைய முதுகு முள் அத்தனையும் தானாக எழுந்து நின்றன. அவளைக் கேட்காமலே எழுந்தன. பெற்றவளுக்கு அப்படித்தான் எழும்.

வளைக்கு வந்ததும் ஏகாம்பரம், "போதும்டி. நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம். அந்த எருமைகிட்ட விடலாம். பிள்ள பிள்ளையா இருக்கும்" என்றான்.

பூங்காவனம் யோசித்தாள். மகளைப் பற்றித்தான் யோசிக்க ஆரம்பித்தாள். பாதியில் அந்த நீர்நாய் வந்து குறுக்கே நின்றது. சுருட்டிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, அவளைத் தாண்டிக் கல்லூரிக்குள் போனது. அவள் முதுகு முள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன.

"நீ என்னடி தப்பு பண்ணின?" என்று மகளிடம் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மாதான் நின்னேன்."

"கோச் கடிக்கிற அளவுக்கு உன்மேல அக்கறை வச்சிருக்காரு. யாருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாத."

சொல்லாமல் இருந்தாலும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று, ஏனென்றால் கோச்சால் வாயை மூட முடியவில்லை. ஏழு முள்ளும் மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் நாக்கின் அடியிலுமாகத் தைத்து நின்றன. விசில் ஊத முடியவில்லை. அதட்ட முடியவில்லை. கறி மெல்ல முடியவில்லை. பச்சோந்தி எழுத்தர் காலையிலும் மாலையிலும் கஞ்சி ஊற்றினார். நான்கு மாதம் கோச் கஞ்சியில் இருந்தார்.

அந்த நான்கு மாதமும் அகாடமியில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. குட்டிகள் முதல்முறையாகப் பந்தைப் பார்த்து ஆடின. சில சமயம் சிரிக்கவும் செய்தன. ஒரு மாலை வெண்பா தன் முதுகில் குத்திய பந்தை முள் படாமல் கழற்ற மித்ரனுக்குக் கற்றுக்கொடுத்தாள். அவன் பிடுங்கிக்கொண்டு ஓட, அவள் சிரித்துச் சிரித்து முள் இரண்டு உதிர்ந்தன.

இதைப் பெற்றோர்களால் தாங்க முடியவில்லை.

"நாலு மாசமா ஒருத்தர்கூடப் போகல. என்னங்க நடக்குது அங்க?" என்று குழுவில் ஒரு காட்டுப்பன்றி அப்பா கேட்டார்.

'கண்டிப்பு போயிடுச்சு' என்றது ஒரு பதில். 'ஸ்டாண்டர்டே இல்ல.' 'எம்பொண்ணு வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடுறா. பயமா இருக்கு.' 'ஆத்துக்கு அந்தாண்ட முதலை ஒருத்தரு புதுசா ஆரம்பிச்சிருக்காரு. முதல் வாரத்திலயே ஆறு பேர் தேறல. இதுதான் ட்ரெய்னிங்.'

மளமளவென்று பிள்ளைகளை எடுத்தார்கள். முதலை இன்னும் பதிவு பெறவில்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, இந்த வேகத்தில் போனால் பதிவு தானாக வரும் என்றார்கள். அறுபது நாற்பதாயிற்று. நாற்பது இருபதாயிற்று. வெயிட்டிங் பட்டியல் வெறும் தாளாயிற்று. கடைசியில் பட்டியலில் சரியாகப் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் வெண்பாவும் மித்ரனும் அடக்கம். இன்னொருவர் போனால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் இரண்டாம் படிவம் இல்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்க மிச்சம் இருந்தது இரண்டு வாரம்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தே பேசினார்கள்.

"உங்க பொண்ணு முள்ளால எங்க பசங்க எதிர்காலமே நாசமாப் போச்சு" என்றார் காட்டுப்பன்றி.

"கடிக்க வந்தா அது குத்தத்தான் செய்யும். அது என்ன பண்ணும்?"

"கடிச்சா வாங்கிக்க வேண்டியதுதானேங்க? எங்க பிள்ளைங்க வாங்கிக்கல? இவ ஒருத்திக்கு மட்டும் ஸ்பெஷல் முள்ளா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் எம்பையன முதலைகிட்ட விட்டுடுவேன்."

அந்தப் பன்றிக்குட்டி போனால் பட்டியலில் பதினொன்று.

வியாழக்கிழமை மதியம் பூங்காவனம், ஏகாம்பரம் கிழங்கு வேர் பிடுங்க வைத்திருந்த குறட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டாள். தனியாகப் போகப் பயமாக இருந்ததால் சரசாவைக் கூப்பிட்டாள். சரசாவும் தயங்கவில்லை. அவள் பிள்ளைக்கும் சான்றிதழ் வேண்டுமே.

பாறை நிழலில் கோச் எலும்பும் தோலுமாய்ப் படுத்திருந்தார். குறட்டைக் கண்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கொஞ்சம் வலிக்கும் சார். பொறுத்துக்குங்க" என்றாள் பூங்காவனம். "சரசா, நீ அவரு வாயத் தெறந்து புடி."

சரசா இரண்டு முன்னங்கால்களாலும் சிறுத்தையின் மேல்தாடையை உயர்த்திப் பிடித்தாள். தலையை உள்ளே விட்டு, "இங்க ஒண்ணு இருக்குக்கா. பல்லுக்குப் பின்னாடி. நல்லா இழுங்க" என்று வழிகாட்டினாள். காட்டின் வரலாற்றில் எந்த முயலும் இவ்வளவு சிரத்தையாக அந்த வேலையைச் செய்திருக்காது.

ஒன்று வந்தது. இரண்டு, மூன்று. நான்காவதுக்குக் கோச் மண்ணைப் பிறாண்டினார். ஆறாவது நாக்கின் அடியிலிருந்து சீழோடு வந்தது. ஏழாவதைக் குறட்டால் பிடித்தபடி பூங்காவனம் நிறுத்திக்கொண்டாள். அதை மெல்ல ஒரு சுற்றுத் திருகினாள்.

"சார், அந்த இரண்டாம் படிவம்."

கோச் முனகினார். பச்சோந்தி எழுத்தர் பதறிப்போய்ப் படிவத்தை எடுத்து ஓடிவந்தார். வெண்பா, தகப்பன் பெயர் ஏகாம்பரம், லாக்ராஸ், தடுப்பாட்டம், மிகச் சிறப்பு. கோச் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. மை காயும்வரை பூங்காவனம் ஊதினாள். பிறகுதான் ஏழாவது முள் வெளியே வந்தது.

கோச் வாயை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். நான்கு மாதத்துக்குப் பிறகு பல்லும் பல்லும் சந்தித்த சத்தம் பாறையில் எதிரொலித்தது. பன்றி அப்பாவின் மகன் மைதானத்தில் அப்படியே நின்றான். சத்தம் எல்லாம் அடங்கியது. பழைய கண்டிப்பு திரும்பிவிட்டது.

"சார், எங்க மித்ரனுக்கும்..." என்றாள் சரசா, நனைந்த காதுகளைத் துடைத்துக்கொண்டு.

கோச் அவளைப் பார்த்தார். நல்ல பார்வை பார்த்தார். "அவனுக்கு இன்னும் ஒரு தனிப் பயிற்சி பாக்கி இருக்கும்மா. நாளைக்கு அனுப்பி வைங்க. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

"தனிப் பயிற்சியா!" சரசா நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். "எத்தன மணிக்கு சார்?"

இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். பூங்காவனம் படிவத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். சுருட்டிப் பிடித்த பிறகுதான் இப்படி ஒன்றை எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு நினைவு வந்தது.

வழியெல்லாம் சரசா பேசிக்கொண்டே வந்தாள். மித்ரனுக்குப் புது டி-ஷர்ட் துவைக்க வேண்டும். அவன் அப்பாவிடம் சொன்னால் நம்பவே மாட்டார். வளை வாசலில் நின்று கேட்டாள்.

"அக்கா, வெண்பாதான் ஏற்கெனவே போயிட்டு வந்திருக்காளே. தனிப் பயிற்சில என்னக்கா பண்ணுவாரு? எதுக்கும் சொல்லுங்க, இவன ரெடி பண்ணி அனுப்புறேன்."

பூங்காவனத்தின் முதுகில் ஒரே ஒரு முள் எழுந்தது. ஒன்றுதான். கையிலிருந்த காகிதத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். ஒதுக்கீட்டில் ஓர் இடம் என்றுதான் போட்டிருந்தார்கள். அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல சரசா. காலையில நல்லா சாப்பிட வச்சு அனுப்பு."

சனிக்கிழமை காலை, 'சரசா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காட்டுப்பன்றி அப்பா, 'கோச் பழையபடி ஆயிட்டாரு!' என்று எழுதிப் பக்கத்தில் கைதட்டும் படம் மூன்று போட்டார். முதலையிடம் போன பிள்ளைகளில் மிச்சமிருந்தவர்களை அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினொன்றாய் இருந்த பட்டியல் மறுபடி பன்னிரண்டைத் தாண்டியது. பாறைமேட்டு வரிசை ஏரிக்கரைவரை நீண்டது. அங்கே எருமை மாசிலாமணி வரிசையில் நின்றவர்களுக்குச் சேற்றில் இடம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். இடத்தை விட்டால் பின்னால் நிற்பவர் முந்திவிடுவார் என்று யாரும் அசையவில்லை.

வெண்பாவுக்கு மலையுச்சியில் இடம் கிடைத்தது. அகாடமியின் வாசல் பலகையில் இப்போது அவள் படம் இருக்கிறது, இரண்டு பக்கத் தோற்றமும் தெரியும்படி. பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று அவள் அடுத்த வளையின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். மூலையில் யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"அம்மா, மித்ரன் எங்கம்மா?"

"தேறலை" என்றாள் பூங்காவனம். "நட, கவுன்ட்டர்ல கூட்டம் ஆயிடும்."

நீதி: பிள்ளையைச் சிறுத்தையிடம் சேர்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூடவே சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.